படைவீரரை விசாரிப்போர்: அவர்தம் பயிற்சியும் தகுதியும்

(சங்க மண்டபத்தில் இளைஞர் பகுதியினருக்கு ஆற்றிய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் பேசிப் பழகிய இம்மேடையிலே, இராணுவத்தினுள் நடக்கும் குற்றங்களைத் துப்புத் துலக்குவோரின் பயிற்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் வியக்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, அதைக் காட்டுவதற்கு இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரை மாநகரிலே கோவலன் கொலையுண்டது எதனால்? ஊழ்வினையால் என்று காவியம் சொல்லும். ஆயினும் உலகியலாற் பார்த்தால் காரணம் மிக எளியது. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை ஆராயாது நம்பினான், அவ்வளவுதான். அவன் அனுப்பிய காவலரும் வாள் பிடிக்கப் பழகியவரேயன்றி உண்மை தேடப் பழகியவர் அல்லர். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து; கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். அந்தச் சிலம்பைச் சோதித்திருந்தால் ஒரு நாழிகையிலே உண்மை வெளிப்பட்டிருக்கும். சான்று கைக்கெட்டிய இடத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பழகிய கண்தான் இருக்கவில்லை. ஒரு நாழிகை ஆராய்ச்சி இல்லாமையால் ஒரு நகரமே எரிந்தது.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு கருத்துத்தான். நீதி என்பது நீதிமன்றத்திலே பிறப்பதில்லை. குற்றம் நடந்த இடத்துக்கு முதலிற் செல்பவனின் கையிலே அது பிறக்கிறது. அல்லது அங்கேயே இறந்துவிடுகிறது. அவன் விசாரிக்க வேண்டியவன் தன்னைப் போலவே சீருடை அணிந்தவனாக இருக்கும்போது, அவனுக்கு மற்றெவரிலும் மேலான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி அவனிடம் பலித்ததா என்று பார்க்கும் சோதனையும் வேண்டும்.

இராணுவத்திலே இத்தகைய தொழில் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். படைகளிலே ஒழுங்கு காக்கும் காவலர் பழங்காலந்தொட்டே உண்டு. ஆனால் துப்பறிதல் என்பது வேறு வித்தை. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய வேளையில், பிரான்சுக்குச் சென்ற பிரித்தானியப் படையின் களஞ்சியங்களிலிருந்து பொருட்கள் ஏராளமாகத் திருட்டுப் போயின. வழக்கமான இராணுவப் பொலிசாரால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஸ்கொட்லாந்து யார்டிலிருந்து ஜோர்ஜ் ஹதரில் என்னும் அதிகாரி அனுப்பப்பட்டார். அவருடைய ஆலோசனைப்படி 1940 இல், யார்டைச் சேர்ந்த 19 துப்பறிவோர் படையில் சேர்க்கப்பட்டு, விசேட புலனாய்வுப் பிரிவு உருவாயிற்று. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இராணுவம் தன் வீரர் பத்தொன்பது பேரைத் தெரிந்து, இன்றுமுதல் நீங்கள் துப்பறிவோர் என்று பெயர் சூட்டிவிடவில்லை. வித்தை தெரிந்தவர்களை வெளியிலிருந்து வருவித்தது. சீருடை ஒருவனைப் புலனாய்வாளன் ஆக்குவதில்லை என்பதை அன்றே அவர்கள் உணர்ந்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் கீழ் உருவான நமது இராணுவத்திலும் இராணுவப் பொலிஸ் படையணி உண்டு. கொலை முதலிய பாரதூரமான குற்றங்களைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் சட்டமா அதிபரும் கையேற்றாலும், முகாமுக்குள்ளும் காவலரணிலும் முதலிற் கால் வைக்கக்கூடியவர் இராணுவப் பொலிசாரே. அவர் என்ன செய்கிறார், என்ன செய்யாது விடுகிறார் என்பதிலே பின்னால் வரும் வழக்கு முழுவதும் தங்கியிருக்கிறது. இதற்குச் சான்றாக இரண்டு வழக்குகளைக் கூறுவேன். சம்பவங்கள் நடந்தது யாழ்ப்பாணத்திலே. விளக்கங்கள் நடந்தது நமது கொழும்பிலே.

1996 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில், செம்மணிக் காவலரணிலே மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும், தம்பியும், அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் சடலங்களும் நிலத்திலிருந்து எடுக்கப்பட நாற்பது நாட்களுக்கு மேலாயின. கொழும்பிலே விசேட நீதிமன்றம் கூடி, 1998 யூலை 3 ஆந் திகதி குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. அந்த நாற்பது நாட்களை எண்ணிப் பாருங்கள். மழையும் மண்ணும் சான்றுகளைத் தின்கின்ற நாட்கள் அவை. ஒரு தாய் காவலரணுக்குச் சென்று தன் பிள்ளை எங்கே என்று கேட்ட அன்றே, அந்தக் கேள்வியை ஒரு பதிவேட்டில் எழுதி, காவலில் நின்றவர் யாவர் என்று குறித்து, அவ்விடத்தை அடைத்துவைக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருந்தால், அந்த நாட்கள் வீணே கழிந்திரா.

மற்றையது மிருசுவில் வழக்கு. 2000 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீடுவாசலைப் பார்த்துவரச் சென்றார்கள். அவர்களில் எண்மர் கொல்லப்பட்டு மலசலகூடக் குழியிலே புதைக்கப்பட்டார்கள். ஐந்து வயதுப் பாலகனும் அவர்களில் ஒருவன். காயத்துடன் ஒருவர் தப்பியோடி நடந்ததைச் சொன்னார். இங்கே நடந்தது வேறு. முறைப்பாடு இராணுவப் பொலிசாரை எட்டியது. அவர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தப்பியவரைக் கொண்டு இடம் அடையாளங் காணப்பட்டது, சந்தேகநபர்கள் கைதாயினர், சில நாட்களுக்குள்ளேயே சடலங்கள் வெளியே எடுக்கப்பட்டன. அந்த முதல் நாட்களின் வேலை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக இழுபட்ட வழக்கைத் தாங்கி நின்றது. 2015 யூன் 25 ஆந் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியெனக் கண்டு மரணதண்டனை விதித்தது. ஏனையோரை விடுதலை செய்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2020 மார்ச்சிலே ஜனாதிபதியின் பொதுமன்னிப்பினாற் குற்றவாளி வெளியே வந்தார். அது நம் நெஞ்சைச் சுடுகின்ற செய்தி. ஆயினும் அது புலனாய்வின் குறையன்று. மன்னிப்புக் கொடுத்தவராலும், நடந்தது இன்னது என்று நீதிமன்றம் எழுதிவைத்த பக்கங்களை அழிக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களை நமக்குத் தந்தது முதல் நாட்களிற் செய்த வேலை.

அவ்வாறாயின் அந்த வேலைக்கு ஒருவரை எவ்வாறு பழக்குவது? 

முதலாவது, இடத்தைக் காத்தல். குற்றம் நடந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்து, உள்ளே செல்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் எழுதவேண்டும். சாதாரண வீட்டிலே இது இலகு. முகாமிலோ மேலதிகாரி நேரே நடந்து உள்ளே வருவார். அவரை மரியாதையோடு தடுத்து நிறுத்தப் பழக்கவேண்டும்.

இரண்டாவது, சான்றுப் பொருளைக் கையாளல். இரத்தம் தோய்ந்த துணியைப் பிளாஸ்திக் பையிலே கட்டினால் ஈரத்தினாற் பழுதாகும். உலரவிட்டுக் கடதாசி உறையில் இடவேண்டும். அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எந்த நேரத்திலே சென்றது என்பதைச் சங்கிலி அறாமல் எழுதிவரவேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலேதான் கை வைப்பார்.

மூன்றாவது, இராணுவத்துக்கே உரிய பதிவேடுகளை வாசித்தல். எந்தத் துப்பாக்கி எவருக்கு வழங்கப்பட்டது, அன்றிரவு காவலில் நின்றவர் யார், வாகனம் எத்தனை மைல் ஓடிற்று, வானொலியில் என்ன செய்தி போயிற்று என்பவையெல்லாம் புத்தகங்களில் இருக்கும். மனிதர் பொய் சொல்லலாம். நான்கு புத்தகங்களும் ஒன்றாய்ச் சேர்ந்து பொய் சொல்வது கடினம். ஆகையினால் முதல் மணிநேரத்திலேயே அவற்றைக் கைப்பற்றவேண்டும்.

நான்காவது, விசாரித்தல். அடித்து வாங்குவது வாக்குமூலம் அன்று. நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டினது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அது அன்றே விதித்தது. ஆதலால் கேள்வி கேட்கும் கலையைப் படிக்கவேண்டும். சாட்சிகளைத் தனித்தனியே வைத்து, அவரவர் வாயாற் சொல்லவிட்டு, குறுக்கே பேசாது கேட்கவேண்டும். இது மேல்நாட்டார் நேற்றுக் கண்ட புதுமையன்று. திருக்குறளின் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு ஒத்துப் பார்க்கவேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒன்றாக இருந்தால் நம்பலாம் என்றும் வள்ளுவர் வகுத்திருக்கிறார்.

ஐந்தாவது, பெண்கள் மீது நடந்த குற்றங்களை விசாரிக்கப் பெண்களைப் பழக்குதல். இந்திய இராணுவம் இதை உணர்ந்து தன் இராணுவப் பொலிஸ் படையணியிலே பெண்களைச் சேர்த்தது. 2021 மே மாதத்திலே 83 பெண்கள் பெங்களூர்ப் பயிற்சி நிலையத்திலிருந்து முதற் தொகுதியாக வெளிவந்தார்கள்.

இத்தனையும் படித்துவிட்டால் போதுமா? பயிற்சி முடிந்ததென்று பத்திரம் கொடுப்பது ஒன்று. ஆள் தயார் என்று சொல்வது வேறொன்று. நீச்சலைப் பற்றிய பரீட்சையிலே நூறு புள்ளி எடுத்தவன், வெள்ளவத்தைக் கடலிலே இறங்கினால் மிதப்பான் என்பது நிச்சயமா?

பயிற்சியின் பலனை அளப்பதற்கு டொனால்ட் கேர்க்பற்றிக் என்னும் அமெரிக்கர் 1959 இல் நான்கு படிகளை வகுத்தார். பயின்றவர் பயிற்சியை எவ்வாறு கருதினார், என்ன கற்றார், கற்றதைத் தொழிலிலே செய்கிறாரா, அதனால் விளைந்த பலன் என்ன? பெரும்பாலான நிலையங்கள் முதலிரண்டு படிகளோடு நின்றுவிடும். புலனாய்வாளருக்கோ பின்னிரண்டுமே உயிர்.

ஆகையால் எழுத்துப் பரீட்சையோடு வேறு மூன்று சோதனைகள் வேண்டும். ஒரு வெற்று அறையிலே குற்றம் நடந்ததுபோல அமைத்து, அங்கே அவரைத் தனியே விட்டு, எதைக் கண்டார், எதை மிதித்தார் என்று பார்க்கவேண்டும். பின்பு அவர் தயாரித்த கோவையை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து, பாவனை நீதிமன்றத்திலே அவரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அதன் பின்னரும் அனுபவசாலியான ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான வழக்குகளிலே ஒரு காலம் உழைக்கவிட்டு, அந்தக் கோவைகள் புதுக்கடை நீதிமன்றங்களிலே நின்றனவா, விழுந்தனவா என்று கணக்கெடுக்கவேண்டும்.

இந்த மேற்பார்வை இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 2020 ஏப்பிரலில் டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் ஹூட் முகாமிலே வனெசா கியென் என்னும் இருபது வயதுப் பெண் சிப்பாய் காணாமற் போனாள். முகாமுக்குள்ளேயே கொல்லப்பட்ட அவளுடைய எச்சங்கள் யூன் முடிவிலேதான் கிடைத்தன. சுதந்திரமான குழுவொன்று ஆராய்ந்து, அவ்வாண்டு டிசெம்பரில் அறிக்கை வெளியிட்டது. அங்கிருந்த புலனாய்வாளருள் அனுபவமற்றவரே மிகுந்திருந்தனர் என்றும், அவர்கள் தலைமேல் அளவுக்கு மிஞ்சிய வேலை சுமத்தப்பட்டிருந்தது என்றும் அக்குழு கண்டது. செல்வத்திலும் கருவிகளிலும் குறைவில்லாத நாடு அது. பயிற்சிப் பள்ளியும் இருந்தது. பள்ளியை விட்டு வந்தவருக்குப் பக்கத்திலே நின்று வழிகாட்டப் போதிய மூத்தோர் இருக்கவில்லை. அதன் பின்னர், 2021 இல் அந்தப் புலனாய்வுத் தாபனத்துக்குச் சிவில் அதிகாரி ஒருவர் தலைவராக நியமிக்கப்பட்டார்.

அன்பர்களே, இதுவரை சொன்னவை கைத்திறனைப் பற்றியவை. மனத்திறன் ஒன்று உண்டு; அதுதான் கடினமானது. அதை அளப்பதற்கு வள்ளுவரிலும் சிறந்த ஆசானை நான் காணவில்லை. தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஒருவனைப் பொறுப்பில் அமர்த்துமுன் நான்கு வகையாற் சோதிக்கச் சொல்கிறார் அவர். அறத்தின் பேரால் வரும் சோதனை, பணத்தால் வரும் சோதனை, இன்பத்தால் வரும் சோதனை, உயிர்ப்பயத்தால் வரும் சோதனை என்பன அவை. 

இந்த நான்கையும் இராணுவப் புலனாய்வாளருக்குப் பொருத்திப் பாருங்கள். பணமும் இன்பமும் எல்லா உத்தியோகத்திலும் வரும் சோதனைகள். உயிர்ப்பயம் இவருக்கு அதிகம். விசாரிக்கப்படுபவனின் தோளிலே துப்பாக்கி தொங்குகிறது. ஆனால் எல்லாவற்றிலும் நுட்பமானது அறத்தின் வேடத்திலே வருவது. “படையின் மானத்தைக் காப்பாற்று, நாட்டுக்காக இரத்தம் சிந்தியவனைக் காட்டிக்கொடாதே” என்று அது பேசும். பணத்தை மறுக்கத் தெரிந்தவனும் இந்தச் சொல்லுக்கு முன்னே தளர்வான்.

2003 செப்டெம்பரிலே ஈராக்கின் பஸ்ரா நகரில், பாஹா மூசா என்னும் ஹோட்டல் உத்தியோகத்தர் பிரித்தானியப் படையின் காவலிலே இறந்தார். அவர் உடலில் 93 காயங்கள் இருந்தன. இராணுவ நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்ட எழுவரில், தானே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார். தோழர்கள் ஒருவரையொருவர் மறைத்து அணி சேர்ந்து நின்றமையால் உண்மை வெளிவரவில்லை என்பதை அந்த வழக்கின் நீதிபதியே சுட்டிக்காட்டினார். பகிரங்க விசாரணையின் அறிக்கை 2011 இலே வந்தது. பல ஆண்டுகளின் பின்பு, 2022 இல், முப்படைகளின் பாரதூரமான குற்றங்களையும் விசாரிக்கத் தனியான ஒரு தலைமையகத்தை அந்நாடு அமைத்தது. காரணம் வெளிப்படை. தன் பதவியுயர்வை எழுதும் கையையே விசாரிக்க வேண்டியவன், எத்தனை நல்லவனாயினும் தளர்வான். ஆகவே ஆளைச் சோதித்தால் மட்டும் போதாது. அவன் நிற்கும் நிலத்தையும் உறுதிப்படுத்தவேண்டும். சட்டவிரோதமான மரணங்களை விசாரிப்பது பற்றி ஐக்கிய நாடுகள் 2016 இலே திருத்தி வெளியிட்ட மினசோட்டா நெறிமுறையும், விசாரணை விரைவானதாகவும், முழுமையானதாகவும், சுதந்திரமானதாகவும், பக்கஞ்சாராததாகவும் இருக்கவேண்டுமென்றே சொல்கிறது.

இவ்விடத்திலே இன்னொன்றையும் சொல்லவேண்டும். நல்ல புலனாய்வாளன் படைவீரனுக்குப் பகைவன் அல்லன். குற்றமற்ற சிப்பாயின் மேல் விழுந்த பழியைத் துடைப்பவனும் அவனே. சான்று இல்லாத இடத்திலே இல்லை என்று எழுதும் நேர்மை, சான்று உள்ள இடத்திலே உண்டு என்று எழுதும் துணிவோடு சமமானது. வேலி பயிரை மேயாதபடி பார்ப்பவனே வேலியின் மானத்தையும் காக்கிறான்.

நமது நாட்டிலே தகுதிச் சோதனையிற் சேர்க்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு, அது மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் ஒரு தாய் தமிழிலே அழுது சொல்வதை, தமிழ் தெரியாத ஒருவர் சிங்களத்திலே எழுதி, அவள் வாசிக்க முடியாத தாளிலே கையொப்பம் வாங்கினால், அந்த வாக்குமூலம் யாருடையது? அவள் “அவங்கள்” என்று சொன்னது எவரை, “அங்காலே” என்று காட்டியது எந்த வளவை என்பது பெயர்ப்பிலே தொலைந்துவிடும். வடக்கிலும் கிழக்கிலும் பணியாற்றும் புலனாய்வாளர் ஒருவர், சாட்சி சொல்வதைச் சாட்சியின் மொழியிலேயே எழுத வல்லவரா என்பது, துப்பாக்கி சுடும் பரீட்சையிலும் முக்கியமான பரீட்சையாகும்.

இளைஞர்களே, இங்கேதான் உங்களுடைய பங்கு வருகிறது. உங்களிற் சிலர் சட்டக் கல்லூரிக்குச் செல்வீர்கள், சிலர் மருத்துவராவீர்கள். சட்ட மருத்துவத்திலும், இரசாயனப் பகுப்பாய்விலும், நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் இரு மொழியிலும் தேர்ந்தவருக்கு இன்றும் பஞ்சம். செம்மணியைப் பாருங்கள். 1999 இலே அங்கு 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025 இலே சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு மேல் மண்ணுள் கிடந்த எலும்பைப் பேசவைக்கும் கல்வி சாமானியமானதன்று. அதைக் கற்க நம் பிள்ளைகள் முன்வரவேண்டும். எந்திரியும் கணக்காளனும் மட்டுமே உத்தியோகம் என்றிருக்கும் பெற்றோரும் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அநீதி நிகழ்ந்தால் நாளை கடத்தாதீர்கள். உடுப்பைத் தோய்க்காதீர்கள், இடத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தையும் கண்ட முகத்தையும் அன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மிருசுவிலிலே தப்பியவர் அஞ்சி வாய்மூடியிருந்தால் அந்தக் குழி மூடியபடியே இருந்திருக்கும். சொல்பவன் ஒருவன் வேண்டும். சொன்னதைக் கேட்டு எழுதப் பழகியவன் ஒருவனும் வேண்டும். இருவரும் கூடிய இடத்திலேதான் நீதிக்குக் கால் முளைக்கிறது.

கண்ணகி சிலம்பை உடைத்தபோது உண்மை தெறித்து வெளிவந்தது. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை. உண்மை பிந்தி வருவதை நாம் காவியத்திலே போற்றலாம். நாட்டிலே அதை வழக்கமாக்கக் கூடாது. நேரத்துக்கு வந்து, எவர் முகத்தையும் பாராது, கண்டதைக் கண்டபடி எழுத வல்லவரைப் பழக்குவது ஒரு நாட்டின் கடமை. அவ்வாறு பழக்கினாயா, பரீட்சித்தாயா என்று நாட்டைக் கேட்பது குடிமக்களாகிய நமது கடமை.